ஏலக்கடைக் கணினியில் ஓட வேண்டும்: பைத்தான் நிரலை எக்ஸிஇ ஆக்கும் வழி

பாம்பன், மண்டபம், தொண்டி பக்கம் மீன் ஏலக் கணக்கை இன்னும் நோட்டிலேயே எழுதுகிறவர்கள் நிறையப் பேர். படகின் பெயர், மீன் ரகம், எடை, விலை, கமிஷன், ஏற்கெனவே கொடுத்த முன்பணம், ஐஸ் பாக்கி எல்லாம் ஒரே பக்கத்தில் நெருக்கி எழுதியிருக்கும். இந்தக் கணக்கைத் திரைக்குக் கொண்டுவர, கணினி படித்த நம் ஊர்ப் பிள்ளைகள் பைத்தானில் நிரல் எழுதுகிறார்கள். டிகின்டரில் ஜன்னல், எஸ்க்யூலைட்டில் தரவு, நாலு பொத்தான். வீட்டு லேப்டாப்பில் அழகாக ஓடுகிறது. ஏலக்கடைக் கணினிக்குக் கொண்டுபோனால் ஓடுவதில்லை. அங்கே பைத்தான் கிடையாது. பல இடங்களில் நெட்டும் கிடையாது.

பைத்தானும் அதன் தொகுதிகளும் (மாட்யூல்) நிரலும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு பொதியாகக் கொடுத்தால் அந்தச் சிக்கல் தீரும். கடலுக்குப் போகிற விசைப்படகு ஐஸ், டீசல், அரிசி, தண்ணீர் எல்லாவற்றையும் கரையிலேயே ஏற்றிக்கொள்வதைப் போல, ஓடுவதற்கு வேண்டிய அத்தனையையும் நிரல் தன்னோடு எடுத்துப் போக வேண்டும். அதை விண்டோஸில் நேரடியாகத் திறக்கிற எக்ஸிஇ நிரலாகச் செய்து தருகிற கருவிதான் பைஇன்ஸ்டாலர். இலவசம், திறந்த மூலம். அதை முதன்முதலாகத் தொடுகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை.

ஒரு குறிப்பு. கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் இங்கே ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். ஃபோல்டர், ஃபைல் பெயர்களில் இடைவெளி வேண்டாம்.

முதலில் அந்தக் கணினியைப் போய்ப் பாருங்கள்

பெரும்பாலான வழிகாட்டிகள் கட்டளையில் தொடங்கும். நான் கடையில் தொடங்கச் சொல்கிறேன். நிரலை எப்படிக் கட்டுவது என்பதை, அது ஓடப்போகிற கணினிதான் முடிவு செய்கிறது.

போனதும் விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, 'வின்வர்' என்று தட்டுங்கள். எந்த விண்டோஸ் என்று காட்டும். அடுத்து, கம்ப்யூட்டர் ஐகானில் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் 32 பிட்டா 64 பிட்டா என்று பாருங்கள். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். 64 பிட் பைத்தானில் கட்டிய நிரல் 32 பிட் விண்டோஸில் ஓடவே ஓடாது. 32 பிட்டில் கட்டியது இரண்டிலும் ஓடும்.

விண்டோஸ் 7 இருந்தால் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். பைத்தான் 3.9 முதல் விண்டோஸ் 7-இல் ஓடாது. அதில் கட்டிய நிரலைத் திறந்தால் 'ஏபிஐ-எம்எஸ்-வின்-கோர்-பாத்' என்று தொடங்கும் டிஎல்எல் ஃபைலை (நிரல் ஓடத் தேவையான துணை ஃபைல்) காணோம் என்று ஒரு செய்தி வரும். இணையத்தில் எங்கிருந்தோ அந்த டிஎல்எல்லை இறக்கிப் போடுவது ஆபத்து, செய்யாதீர்கள். பைத்தான் 3.8-ஐக் கொண்டு மறுபடி கட்டுவதே மருந்து. அந்த வரிசையில் விண்டோஸ் நிறுவியோடு வந்த கடைசிப் பதிப்பு 3.8.10. இருந்தாலும் 3.8-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 அக்டோபரோடு நின்றுவிட்டன. பைஇன்ஸ்டாலரும் தன் ஆதரவை விண்டோஸ் 8 முதல்தான் சொல்கிறது. ஆகவே 7-இல் ஓடினாலும் அதைத் தற்காலிக ஏற்பாடாகவே வையுங்கள். கணினி தாங்கும் என்றால், விண்டோஸை மேம்படுத்தச் சொல்லிக் கடைக்காரரிடம் முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

போன இடத்தில் யுஎஸ்பி துளைகளையும் ஒருமுறை பாருங்கள். கடற்காற்றில் உப்புப் பூத்து, முன்பக்கத் துளைகள் பச்சை பிடித்துப் போயிருக்கும். பென்டிரைவைப் பின்பக்கத் துளையில் செருகி, ஒரு ஃபைலை நகலெடுத்துத் திறந்து பாருங்கள். கரண்டு போனால் கணினி நிற்குமா, யுபிஎஸ் தாங்குமா என்றும் கேளுங்கள். இந்தக் கேள்வி எதற்கு என்று கீழே தெரியும்.

நிரலைப் பயணத்துக்குத் தயார் செய்வது

கட்டுவதற்கு முன் நிரலிலேயே நாலு இடத்தைத் திருத்த வேண்டும். கட்டிய பிறகு வரும் தொல்லைகளில் பெரும்பாதி இங்கேதான் பிறக்கிறது.

முதலாவது, படங்களும் ஐகான்களும் இருக்கிற பாதை. 'சி டிரைவ், யூசர்ஸ், என் பெயர், டெஸ்க்டாப்' என்று நீளமாக எழுதியிருந்தால் அந்தப் பாதை உங்கள் லேப்டாப்பில் மட்டுமே உண்டு. வெறும் 'படங்கள்/மீன்.பிஎன்ஜி' என்று எழுதினாலும் போதாது. நிரலை எந்த ஃபோல்டரிலிருந்து தொடங்கினார்களோ அங்கே தேடும். பாத்லிப் தொகுதியின் 'பாத்' வகையை எடுத்து, முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு உள்ள 'ஃபைல்' மாறியை அதற்குக் கொடுங்கள். அதன் 'பேரன்ட்' தான் நிரல் இருக்கும் ஃபோல்டர். எல்லாப் படங்களையும் அங்கிருந்து கணக்கிடுங்கள். இப்படி எழுதினால் லேப்டாப்பில் ஓடும்போதும் பொதிக்குள் ஓடும்போதும் சரியான இடமே கிடைக்கும்.

இரண்டாவது, தரவு ஃபைல். ஏலக்கணக்கு இருக்கும் எஸ்க்யூலைட் ஃபைலை நிரலின் ஃபோல்டருக்குள் வைக்கவே கூடாது. நிரலைப் புரோகிராம் ஃபைல்ஸில் நிறுவினால், சாதாரணப் பயனருக்கு அங்கே எழுத அனுமதி இல்லை. ஒற்றை ஃபைலாகக் கட்டினால் நிலைமை இன்னும் மோசம்: நிரல் ஒவ்வொரு முறையும் ஒரு தற்காலிக ஃபோல்டரில் விரிந்து, மூடியதும் அந்த ஃபோல்டர் அழிந்துபோகும். தரவு அதற்குள் இருந்தால் அன்றைய கணக்கும் கூடவே போய்விடும். 'லோக்கல்ஆப்டேட்டா' என்ற சூழல் மாறி காட்டுகிற இடத்தில் உங்கள் நிரல் பெயரில் ஒரு ஃபோல்டரை உண்டாக்கி, தரவை அங்கே வையுங்கள். புதுப் பதிப்பை மேலே நிறுவும்போதும் அது தொடாமல் கிடக்கும்.

அந்த இடம் கடைக்காரர் கண்ணில் படாது. ஆகவே திரையில் 'நகல் எடு' என்று ஒரு பொத்தான் கட்டாயம் வேண்டும். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது எஸ்க்யூலைட் ஃபைலை அப்படியே நகலெடுப்பது சரியல்ல. பைத்தானின் எஸ்க்யூலைட்3 தொகுதியில், இணைப்புக்கு 'பேக்கப்' என்ற செயல்பாடு உண்டு. அது முழுமையான நகலைத் தரும். ஒவ்வொரு ஏல வரியையும் எழுதியவுடன் 'கமிட்' (தரவில் நிலையாகப் பதிவது) செய்துவிடுங்கள். நடுவில் கரண்டு போனாலும் அதுவரை எழுதிய கணக்கு தரவில் பத்திரமாக இருக்கும்.

மூன்றாவது, தமிழ். பைத்தானில் ஃபைலைத் திறக்கும்போது 'என்கோடிங்' சொல்லாவிட்டால், விண்டோஸ் தன் பழைய குறியேற்றத்தைப் பயன்படுத்தும். 'சீலா', 'கணவாய்' என்று எழுதியவை புரியாத குறிகளாக வரும், அல்லது நிரல் பிழை காட்டி நிற்கும். திறக்கிற ஒவ்வொரு இடத்திலும் யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாக எழுதுங்கள். எக்செலில் திறப்பதற்காக சிஎஸ்வி எழுதினால் அங்கே மட்டும் 'யுடிஎஃப்-8-சிக்' என்று கொடுங்கள். ஃபைலின் தொடக்கத்தில் ஓர் அடையாளத்தை அது வைக்கும். எக்செல் அதைப் பார்த்துத் தமிழைச் சரியாகக் காட்டும். எழுத்துருவுக்கு விண்டோஸ் 8 முதல் நிர்மலா யுஐ, விண்டோஸ் 7-இல் லதா. இரண்டில் எது இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும்படி எழுதிவிடுங்கள்.

நான்காவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கறுப்புத் திரை (கட்டளை ஜன்னல்) இல்லாத நிரலாகக் கட்டும்போது, நிரல் தன் செய்தியையும் பிழையையும் எழுதும் 'ஸ்டட்அவுட்', 'ஸ்டட்எர்' இரண்டும் வெறுமையாகிவிடும். டிகின்டரில் ஒரு பொத்தானை அழுத்தி உள்ளே பிழை வந்தால், வழக்கமாக அது கறுப்புத் திரையில் அச்சாகும். இப்போது அச்சாக இடமில்லை. பொத்தானை அழுத்துகிறார், ஒன்றுமே நடக்காது. திரும்ப அழுத்துகிறார், அப்போதும் ஒன்றும் இல்லை. ஏலம் நடக்கிற நேரத்தில் அவர் உங்களுக்கு ஃபோன் செய்து, "தம்பி, பட்டனை அமுக்குனா ஒண்ணும் வர மாட்டேங்குது" என்று மட்டும்தான் சொல்ல முடியும். ஃபோனிலேயே நீங்கள் எதைக் கண்டுபிடிப்பீர்கள்? டிகின்டரின் மூல ஜன்னலுக்கு 'ரிப்போர்ட்_கால்பேக்_எக்செப்ஷன்' என்று ஒரு செயல்பாடு உண்டு. அதன் இடத்தில் உங்கள் செயல்பாட்டை வையுங்கள். பிழையின் முழு விவரத்தைத் தேதி, நேரத்தோடு ஒரு பதிவு ஃபைலில் எழுதட்டும். திரையில் 'பிழை வந்திருக்கிறது, பதிவு சேமிக்கப்பட்டது' என்று தமிழில் ஒரு பெட்டியும் காட்டட்டும். பத்து வரி வேலை. அந்தப் பதிவு ஃபைலை அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வீட்டிலிருந்தே திருத்திவிடலாம்.

தனிச் சூழலும் கட்டுமானமும்

பைஇன்ஸ்டாலர் விண்டோஸில் ஓடினால் விண்டோஸ் நிரலைத் தரும். லினக்ஸில் ஓடினால் லினக்ஸ் நிரலைத் தரும். உபுண்டு லினக்ஸில் உட்கார்ந்து எக்ஸிஇ கட்ட அது உதவாது. விண்டோஸ் கணினி ஒன்று வேண்டும்.

பைத்தானை நிறுவும்போது 'பாத்'தில் சேர்க்கும் கட்டத்தில் டிக் போடுங்கள். பிறகு நிரல் இருக்கும் ஃபோல்டரில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து (பவர்ஷெல்லில் சில கணினிகள் அடுத்த கட்டளையைத் தடுக்கும், அதனால் கமாண்ட் பிராம்ப்ட்டே போதும்) இப்படித் தட்டுங்கள்:

பை -எம் வென்வ் சூழல்

சூழல்\ஸ்கிரிப்ட்ஸ்\ஆக்டிவேட்

பிப் இன்ஸ்டால் பைஇன்ஸ்டாலர்

கணினியில் பல பைத்தான்கள் இருந்தால் முதல் கட்டளையில் 'பை -3.8-32' என்று பதிப்பையும் பிட்டையும் சொல்லலாம். முதல் கட்டளை உண்டாக்குவது இந்த நிரலுக்கென்றே ஒதுக்கிய தனிச் சூழல்; அதைத் தாண்டிப் போக நினைக்காதீர்கள். நிரலுக்கு வேண்டிய தொகுதிகளை மட்டும் இதற்குள் நிறுவினால் பொதி சின்னதாக இருக்கும். கல்லூரியில் போட்ட பாண்டாஸும் மேட்பிளாட்லிப்பும் கிடக்கிற பொதுச் சூழலில் கட்டினால், தேவையே இல்லாத தொகுதிகளும் உள்ளே ஏறிக்கொள்ள வாய்ப்புண்டு. டிகின்டர் தனியாக நிறுவ வேண்டியதில்லை; பைத்தானோடு வருகிறது.

நிரல் இந்தச் சூழலில் சரியாக ஓடுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, கட்டும் கட்டளை:

பைஇன்ஸ்டாலர் --நேம் ஏலம் --விண்டோட் --ஐகான் மீன்.ஐகோ --ஆட்-டேட்டா "படங்கள்;படங்கள்" --நோயுபிஎக்ஸ் ஏலம்.பை

'விண்டோட்' என்றால் கறுப்புத் திரை வராது. முதல் தடவை கட்டும்போது மட்டும் இதை விட்டுவிட்டுக் கட்டுங்கள். பிழை எதுவானாலும் கறுப்புத் திரையில் தெரியும். ஐகான் ஐகோ வகையில் இருக்க வேண்டும். 'ஆட்-டேட்டா'வில் அரைப்புள்ளிக்கு முன்னால் இருப்பது உங்கள் ஃபோல்டர், பின்னால் இருப்பது பொதிக்குள் அதன் இடம். யுபிஎக்ஸ் என்பது ஃபைலைச் சுருக்கும் கருவி. அதனால் மிச்சமாகும் இடத்தைவிட வைரஸ் காவலர்களிடம் (ஆன்டிவைரஸ்) வரும் வம்பு பெரிது.

முடிந்ததும் மூன்று சேர்ந்திருக்கும். 'பில்ட்' ஃபோல்டர் இடைவேலைக்கு, அழித்துவிடலாம். 'டிஸ்ட்' ஃபோல்டருக்குள் 'ஏலம்' என்ற ஃபோல்டர்தான் விளைச்சல். 'ஏலம்.ஸ்பெக்' என்ற ஃபைலைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை நீளக் கட்டளை வேண்டாம், 'பைஇன்ஸ்டாலர் ஏலம்.ஸ்பெக்' என்றாலே போதும்.

ஒற்றை ஃபைலா, ஃபோல்டரா?

'--ஒன்ஃபைல்' என்று சேர்த்தால் எல்லாம் ஒரே எக்ஸிஇ-க்குள் போய்விடும். டிகின்டர் மட்டும் உள்ள சின்ன நிரல் சுமார் 10 எம்பிக்குள் அடங்கிவிடும். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். நம் கரைக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

ஒற்றை ஃபைல் ஒவ்வொரு முறை திறக்கும்போதும், விண்டோஸின் தற்காலிக இடத்தில் '_எம்இஐ' என்று தொடங்கும் ஒரு ஃபோல்டரில் எல்லாவற்றையும் விரித்த பிறகே ஓடும். பழைய ஹார்டு டிஸ்க்கில் இதற்கே நேரம் பிடிக்கும். முறையாக மூடினால் அந்த ஃபோல்டர் அழியும். கரண்டு பட்டென்று போனால் அழியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்டு போய்ப் போய் வரும் நாட்களில் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு ஃபோல்டர் அங்கே மிச்சமாகிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நாளில் சி டிரைவ் நிறைகிறது என்று புகார் வரும். காரணம் யாருக்கும் தெரியாது. ஃபோல்டராகக் கட்டினால் இந்த வேலையே இல்லை. உடனே திறக்கும்.

ஃபோல்டர் முறையில் ஒரே ஒரு கவனம். பைஇன்ஸ்டாலர் 6 முதல், எக்ஸிஇ-க்குப் பக்கத்தில் '_இன்டர்னல்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். பைத்தானும் படங்களும் அதற்குள்தான். எக்ஸிஇ-யை மட்டும் பென்டிரைவில் இழுத்துப் போட்டுக் கொண்டுபோனால், பைத்தான் டிஎல்எல்லை ஏற்ற முடியவில்லை என்று நின்றுவிடும். முழு ஃபோல்டரும் போக வேண்டும்.

கட்டிய பிறகு வரும் பிழைகள்

'மாட்யூல் இல்லை' என்ற பிழைதான் அதிகம் வரும். பைஇன்ஸ்டாலர் உங்கள் நிரலைப் படித்து, எதையெல்லாம் இறக்குமதி செய்திருக்கிறீர்கள் என்று பார்த்துச் சேர்க்கிறது. ஒரு தொகுதி உள்ளுக்குள் மறைவாக இன்னொன்றை அழைத்தால் அது கண்ணில் படாது. ஏலத் தேதியைத் தேர்ந்தெடுக்க டிகேகேலண்டர் பயன்படுத்தினால் இது நேரலாம்: 'பேபல்.நம்பர்ஸ்' இல்லை என்று வரும். '--ஹிடன்-இம்போர்ட் பேபல்.நம்பர்ஸ்' என்று கட்டளையில் சேர்த்து மறுபடி கட்டினால் தீர்ந்தது. மற்ற தொகுதிகளுக்கும் இதே வழிதான். பிழைச் செய்தியில் வரும் பெயரை அப்படியே கொடுங்கள்.

படம் வரவில்லை என்றால், 'ஆட்-டேட்டா'வில் கொடுத்த இடமும் நிரல் தேடும் இடமும் ஒன்றுதானா என்று '_இன்டர்னல்' ஃபோல்டரைத் திறந்து கண்ணாலேயே பாருங்கள்.

பிறகு, பைத்தானே இல்லாத கணினியில் ஓட்டிப் பார்ப்பது. உங்கள் லேப்டாப்பில் ஓடியது சோதனை ஆகாது. விண்டோஸ் 10 அல்லது 11 ப்ரோ இருந்தால் 'விண்டோஸ் சேண்ட்பாக்ஸ்' வசதியை இயக்கலாம். ஒவ்வொரு முறையும் புத்தம்புது விண்டோஸ் ஒன்றைத் திறந்து தரும். ஹோம் பதிப்பில் அது இல்லை. தெரிந்தவர் கணினி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். நெட்டை அணைத்துவிட்டே சோதியுங்கள்.

நீலப் பெட்டியும் வைரஸ் பயமும்

நிரலை வாட்ஸ்அப்பிலோ டிரைவிலோ அனுப்பி இறக்கச் சொன்னால், விண்டோஸ் ஒரு நீலப் பெட்டியைக் காட்டி 'உங்கள் கணினியைப் பாதுகாத்தோம்' என்று தடுக்கும். ஜிமெயில் எக்ஸிஇ-யை இணைக்கவே விடாது. ஜிப் ஆக்கினாலும் விடாது. இணையத்திலிருந்து வந்த ஃபைல் மீது விண்டோஸ் ஓர் அடையாளம் வைக்கிறது. அதைப் பார்த்துத்தான் அந்தப் பெட்டி வருகிறது. வழக்கமான பென்டிரைவில் அந்த அடையாளம் ஒட்டாது. நேரில் பென்டிரைவில் கொண்டுபோய்ப் போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பென்டிரைவை முதலில் முழுதாகச் சோதித்துவிடுங்கள். ஷார்ட்கட் வைரஸைக் கடைக்குள் கொண்டுபோனவர் என்ற பெயர் உங்களுக்கு வேண்டாம்.

வைரஸ் காவலன் நிரலையே பிடித்து அழிப்பதும் உண்டு. பைஇன்ஸ்டாலரில் கட்டிய எல்லா நிரல்களும் ஒரே தொடக்கப் பகுதியோடு கிளம்புகின்றன. கெட்டவர்களும் அதே கருவியில் கட்டுவதால், அந்தப் பகுதியைக் கண்டாலே சில காவலர்கள் சந்தேகப்படுகிறார்கள். ஃபோல்டர் முறையும் யுபிஎக்ஸைத் தவிர்ப்பதும் இதைக் குறைக்கும். மைக்ரோசாஃப்ட்டுக்கு ஃபைலை அனுப்பி, தவறாகப் பிடித்திருக்கிறது என்று முறையிடவும் வழி உண்டு. காசு கொடுத்து டிஜிட்டல் கையெழுத்து வாங்குவது, பல கடைகளுக்கு விற்கும் நிலை வந்தால் யோசிக்க வேண்டியது.

கீழக்கரையில் கடை வைத்திருப்பவர் ஒருவர், "இது நம்ம கணக்கை எங்கயாச்சும் அனுப்புமா தம்பி?" என்று கேட்டார். "இல்ல காக்கா, நெட்டைக் கழட்டிட்டே ஓட்டிப் பாருங்க" என்றதும் அவரே கேபிளை உருவிவிட்டு உட்கார்ந்து எழுதிப் பார்த்தார். அந்தக் கேள்விக்கு மரியாதை கொடுங்கள். வைரஸ் காவலனை அணைக்கச் சொல்லி மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள்; அந்த ஃபோல்டருக்கு மட்டும் விலக்கு கொடுத்தால் போதும்.

நிறுவியும் ஒப்படைப்பும்

ஃபோல்டரை அப்படியே கொடுத்தால் யாராவது பாதியை அழித்துவிடுவார்கள். இன்னோ செட்அப் என்ற இலவசக் கருவியில் நிறுவி ஒன்று கட்டுங்கள். அதன் விசார்ட், நிரல் பெயர், பதிப்பு எண், எக்ஸிஇ எங்கே, கூடவே போக வேண்டிய ஃபோல்டர் எது என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். '_இன்டர்னல்' ஃபோல்டரை உள்ளிருக்கும் ஃபோல்டர்களோடு சேர்க்கச் சொல்லுங்கள். டெஸ்க்டாப் ஐகானுக்கு டிக் போடுங்கள். 'ஆப்ஐடி' என்று ஒரு நீள எண் உருவாகும்; அதை ஒருபோதும் மாற்றாதீர்கள். அடுத்த பதிப்பை நிறுவும்போது, பழையதன் மேலேயே போய் உட்கார அந்த எண்தான் அடையாளம்.

ஒப்படைக்கும் காலத்தையும் யோசியுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஏலக்கடையில் நெரிசல் குறைவு. அந்த நாட்களில் கொண்டுபோய் நிறுவி, பழைய நோட்டிலிருந்து ஒரு மாதக் கணக்கை அவர்களையே பதியச் சொல்லுங்கள். ரகங்களின் பெயரை அவர்கள் சொல்கிறபடியே வையுங்கள். பாம்பனில் ஒன்றும் தொண்டியில் ஒன்றுமாக இருந்தால், ரகப் பட்டியலைக் கடைக்காரரே திருத்தும்படி விடுங்கள். ஜூன் 15-க்குப் பிறகு முதல் படகு கரை சேரும் நாளில் புதுப் பதிப்பு எதையும் நிறுவாதீர்கள். அன்று நோட்டும் பக்கத்தில் இருக்கட்டும். இரண்டிலும் எழுதி, மாலையில் கூட்டுத்தொகையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஜன்னலின் தலைப்பில் பதிப்பு எண்ணைக் காட்ட மறக்க வேண்டாம். ஃபோனில் அழைப்பவரிடம் முதலில் அதைத்தான் கேட்பீர்கள்.